டிராக்டர் எஞ்சினும் பழுது பார்க்கும் உரிமையும்

யந்திரம் வாங்கப் போகும் எந்தச் சங்கமும் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கும். எத்தனை குதிரைச் சக்தி? என்ன விலை? மூன்றாவதாகவும் ஒரு கேள்வி உண்டு. பழுதானால் அதை யார், எங்கே, எத்தனை நாளில் சீர் செய்ய முடியும் என்பதே அது. முதல் இரண்டுக்கும் விடை விலைப்பட்டியலிலேயே அச்சாகியிருக்கும். மூன்றாவதற்கு விடை யந்திரத்தின் வயிற்றுக்குள்ளும், அதைச் செய்தவர் எழுதித் தரும் ஒப்பந்தத்திலும் மறைந்து கிடக்கிறது.

சங்கங்களின் கணக்கேடுகளைப் பார்வையிடும் பணியில் இருப்போருக்கு இக்கேள்வியின் கனம் எளிதில் புலப்படும். யந்திரத்தின் விலை ஏட்டில் ஒரே வரியில் நிற்கும். பழுதுச் செலவோ உதிரி பாகம், மெக்கானிக் கூலி, வண்டி வாடகை, தபால் செலவு எனப் பல தலைப்புகளில் சிதறிக் கிடக்கும். யந்திரம் ஓடாமல் நின்ற நாட்களில் வராமற் போன வாடகையும், பருவம் தவறி உழுத நிலத்தில் குறைந்த மகசூலும் எந்தத் தலைப்பிலும் ஏறுவதில்லை. ஆயினும் அங்கத்தினர்களின் மடியில் கனமாக விழுவது அந்தக் கணக்கில் ஏறாத நஷ்டமே.

இக்கேள்வி மிகப் பெரிய உருவில் எழுந்துள்ள தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே ஒரே குடும்பம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் கோதுமையோ மக்காச்சோளமோ சாகுபடி செய்வது சாதாரணம். 2024இல் ஜான் டீர் நிறுவனம் அறிவித்த ஒரு டிராக்டரின் திறன் 830 குதிரைச் சக்தி. அதன் டீசல் எஞ்சினின் கொள்ளளவு 18 லிட்டர். ஒரு கிராமம் முழுவதும் பல ஏர்களைப் பூட்டிச் செய்யும் வேலையை இத்தகைய யந்திரம் தனியே செய்து முடிக்கிறது. அது நின்றுவிட்டால் வேலை முழுவதும் நின்றுவிடுகிறது. விதைப்புக்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிலத்தில் இருக்கும். முற்றிய கதிரும் மழைக்காகக் காத்திராது. ஆகையால் அந்நாட்டு உழவர்களுக்கு எஞ்சினைப் பழுது பார்க்கும் வசதி என்பது விளைச்சலோடு பிணைந்த விஷயமாகும்.

நெப்ராஸ்கா உழவரின் சட்டம்

இவ்விஷயம் இன்று நேற்று எழுந்ததன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்னும் உழவர் இதனால் அல்லலுற்றார். மினியாபொலிஸ் நகரத்து நிறுவனம் ஒன்று போர்டு என்னும் பெயரில் விற்ற டிராக்டரை அவர் வாங்கினார். புகழ் பெற்ற மோட்டார் கார்களைச் செய்த ஹென்றி போர்டுக்கும் அந்நிறுவனத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை. அந்த டிராக்டர் வேலைக்கு உதவவில்லை. அடுத்து வாங்கிய வேறொரு டிராக்டரும் மனநிறைவு தரவில்லை. மூன்றாவதாக வாங்கிய ரூமிலி டிராக்டரே சொன்னபடி உழைத்தது.

பின்னர் குரோசியர் மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமக்கு நேர்ந்தது பிறருக்கு நேராதிருக்க, செனட்டர் சார்லஸ் வார்னரின் துணையோடு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது 1919இல் சட்டமாயிற்று. நெப்ராஸ்காவில் விற்கப்படும் டிராக்டர்களின் ஒவ்வொரு வகையும் முதலில் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 1920இல் அங்கே முதலில் சோதனைக்கு வந்தது வாட்டர்லூ பாய் என்னும் டிராக்டர். லிங்கன் நகரத்துச் சோதனைச் சாலை நூறாண்டைக் கடந்து இன்றும் நடைபெறுகிறது. உலகெங்கும் அதன் அறிக்கைகளுக்கு மதிப்பு உண்டு.

குதிரைச் சக்திச் சோதனைக்காகவே இச்சட்டம் புகழ் பெற்றது. ஆனால் அதில் இன்னொரு விதியும் இருந்தது. டிராக்டர் விற்கும் நிறுவனம் உதிரி பாகங்களைப் போதிய அளவில் சேமித்து வைத்த சேவை நிலையம் ஒன்றை மாநிலத்துக்குள்ளேயே நடத்த வேண்டும் என்பது அவ்விதி. சக்தியை அளந்து சொன்னால் மட்டும் போதாது, உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை அவ்வுழவர் நன்கு உணர்ந்திருந்தார். அக்காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. பாகம் கிடைத்தால், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவரும் அதை மாட்டிவிடலாம். ஏனெனில் எஞ்சினின் அமைப்பே அதற்கு இடம் கொடுத்தது.

மீண்டும் புதுப்பிக்கத் தக்க எஞ்சின்

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது தானே 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயை மெல்லிய தூவலாகத் தெளித்தால் அது தானாகவே பற்றி எரிகிறது. ருடால்ப் டீசல் 1890களில் உருவாக்கிய இத்தத்துவம் இன்றும் மாறவில்லை. இத்தனை நெருக்கத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் டீசல் எஞ்சினின் உடல் கனமாகவே வார்க்கப்படுகிறது. அந்தக் கனம் அதற்கு நீண்ட ஆயுளைத் தருகிறது. தேய்பவை பிஸ்டன் வளையங்கள், சிலிண்டர் சுவர், பேரிங்குகள், வால்வுகள், நாஸில்கள் ஆகியவை. இவற்றை மாற்றிவிட்டால் பழைய உடலிலேயே எஞ்சின் மீண்டும் பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும்.

பெரிய டிராக்டர்கள் பலவற்றில் சிலிண்டர் சுவரே தனிக் குழாயாகச் செய்து செருகப்பட்டிருக்கும். இதற்கு லைனர் அல்லது ஸ்லீவ் என்று பெயர். குழாயின் வெளிப்புறத்தைக் குளிர்விக்கும் நீர் நேரே தொட்டால் அது ஈர லைனர். கீழே ரப்பர் வளையங்கள் நீர் கசியாமல் காக்கும். மேலே அதன் விளிம்பு எஞ்சின் உடலின் மட்டத்துக்குச் சில ஆயிரத்தில் ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும். சிலிண்டர் தலையை இறுக்கும்போது கேஸ்கட் அங்கே அழுந்திப் பிடித்துக்கொள்கிறது.

இந்த அமைப்பின் பயன் பழுது பார்க்கும் நாளில் தெரியும். மேலே சிலிண்டர் தலையையும் கீழே எண்ணெய்த் தொட்டியையும் கழற்றினால், பிஸ்டனை மேல்வழியாக வெளியே எடுத்துவிடலாம். பிறகு இழுப்பானைப் போட்டுத் தேய்ந்த லைனரை உருவி, புதியதைச் செருகலாம். எஞ்சினை டிராக்டரிலிருந்து இறக்க வேண்டியதில்லை; லேத் பட்டறைக்குக் கொண்டுபோகவும் வேண்டியதில்லை. உழவரின் கொட்டகையிலேயே இப்பணி நடந்தேறும். ஜான் டீர் 1963 முதல் 1972 வரை செய்த 4020 என்னும் டிராக்டரும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் டி.டி. 466 எஞ்சினும் இந்த வகையைச் சேர்ந்தவை. அவை இன்றும் பேர் சொல்லப்படுவதற்கு இது ஒரு காரணம்.

எல்லா எஞ்சினும் இவ்வாறு அமைவதில்லை. 1980களில் கேஸ் நிறுவனமும் கம்மின்ஸ் நிறுவனமும் கூட்டாக இரண்டு குடும்ப எஞ்சின்களைக் கொண்டுவந்தன. சிறியதான பி வரிசையில் லைனர் கிடையாது. எஞ்சின் உடலிலேயே சிலிண்டர் குடையப்பட்டிருந்தது. பெரியதான சி வரிசையில் ஈர லைனர் இருந்தது. முன்னதில் பாகங்கள் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் சுவர் தேய்ந்தால் எஞ்சினை இறக்கி, பட்டறையில் சற்றுப் பெரிதாகக் குடைந்து, பெரிய அளவுப் பிஸ்டன் போட வேண்டும். இரண்டும் நல்ல எஞ்சின்களே. அருகில் திறமையான குடையும் பட்டறை இருக்கும் ஊருக்கு முன்னது பொருந்தும். பட்டறை தொலைவில் இருந்தால் பின்னதே ஏற்றது. விலைப்பட்டியலைப் பார்த்தால் இவ்வேற்றுமை தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

பாகங்கள் பொதுவாக இருப்பது இன்னொரு பெரும் வசதி. 1938இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 71 வரிசை என்னும் டீசல் எஞ்சினை வெளியிட்டது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 71 கன அங்குலம் என்பதால் அதற்கு அப்பெயர். ஒரு சிலிண்டர் ஆனாலும் ஆறு சிலிண்டர் ஆனாலும் பிஸ்டன், லைனர் முதலிய உள்பாகங்கள் பெரும்பாலும் ஒன்றே. லாரியிலும் படகிலும் ஓடிய அதே குடும்பத்து எஞ்சின் 1950களில் ஆலிவர் சூப்பர் 99 டிராக்டரிலும் அமர்ந்தது. லாரிப் பட்டறையில் கிடைக்கும் பாகம் வயலில் நின்ற டிராக்டருக்கும் பொருந்தியது.

யந்திரத்தைக் கட்டும் முறையும் கவனிக்கத் தக்கது. சிறிய, நடுத்தர டிராக்டர்கள் பலவற்றில் எஞ்சின் உடலே டிராக்டரின் முதுகெலும்பாக அமைந்திருக்கும். கிளட்ச் மாற்ற வேண்டுமானாலும் டிராக்டரை நடுவே இரண்டாகப் பிரித்தாக வேண்டும். மிகப் பெரிய டிராக்டர்களில் தனிச் சட்டம் ஒன்று இருந்து, எஞ்சின் அதன்மேல் அமர்ந்திருக்கும். மொன்டானா மாநிலத்தில் கட்டப்பட்ட பிக் பட் டிராக்டர்களில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒரே சறுக்குச் சட்டத்தில் பொருத்தி, சேர்த்து வெளியே இழுக்கும்படி செய்திருந்தனர். அவற்றுள் மிகப் பெரியது 1977இல் கட்டப்பட்ட 16 வி 747 என்பது. பதினாறு சிலிண்டர்களும் 24 லிட்டர் கொள்ளளவும் உடைய டிட்ராயிட் டீசல் எஞ்சின் அதில் இருந்தது. அவ்வளவு பெரிய யந்திரத்தையும் வெளியே எடுத்துப் பார்க்க வழி வைத்தே கட்டினார்கள் என்பது நோக்கத் தக்கது.

இவ்விடத்தில் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் ஒரு குறிப்பைச் சொல்லலாம். ஈர லைனர் எஞ்சினில் வெறும் நீரை ஊற்றி ஓட்டுவது கேடு. பிஸ்டன் அடிக்கும்போது லைனர் மணி போல அதிர்கிறது. அதன் வெளிச்சுவரில் நுண்ணிய நீராவிக் குமிழிகள் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது இரும்பில் ஊசி முனையளவு பள்ளம் விழுகிறது. நாளடைவில் பள்ளம் துளையாகி, நீர் எண்ணெயில் கலந்து பேரிங்கை அழிக்கிறது. உரிய ரசாயனம் கலந்த கூலன்டைப் பயன்படுத்தி, குறித்த காலத்தில் மாற்றினால் இது நேராது. பெருஞ் செலவான பழுதுகள் பல, இத்தகைய சிறு செலவை மிச்சம் பிடித்ததன் விளைவே.

புகையும் பூட்டும்

பழைய எஞ்சினில் எண்ணெயைத் தெளிக்கும் வேலையைப் பம்பும் நாஸிலும் செய்தன. நாஸில் திறக்கும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு. குழாயில் காற்று புகுந்தால் திருகைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றும் வித்தையை, நம் ஊர்களில் பம்புசெட் ஓட்டுவோரும் அறிவர். கேட்டும், முகர்ந்தும், தொட்டும் பார்த்தே மெக்கானிக்குகள் பழுதைக் கண்டுபிடித்தனர்.

1990களின் பிற்பகுதியிலிருந்து காமன் ரெயில் என்னும் முறை பரவிற்று. இதில் எண்ணெய் ஒரு பொதுக் குழாயில் காற்று மண்டலத்தைப் போல் 1,600 மடங்கு, 2,000 மடங்கு அழுத்தத்தில் தேங்கி நிற்கும். எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதை எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கிறது. ஒரே எரிப்புக்குள் பலமுறை பிரித்துத் தெளிக்கவும் அதனால் முடியும். எஞ்சினின் சத்தமும் புகையும் குறைகின்றன. ஆனால் இன்ஜெக்டரின் உள்ளே இரு பாகங்களுக்கு இடையேயுள்ள வெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. கண்ணுக்குத் தெரியாத தூசியும், எண்ணெயில் கலந்த நீரும் அதைக் கெடுத்துவிடும். இதை வயலில் பிரித்துப் பார்க்க இயலாது.

அதன் பின் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் வந்தன. அமெரிக்காவில் வயல் யந்திரங்களுக்கான புகை விதிகள் 1996இல் தொடங்கிப் படிப்படியாக இறுகி, 2015க்குள் நான்காம் நிலையை எய்தின. புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி ஒன்று. நைட்ரஜன் வாயுக்களை மாற்ற, நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கரைந்த திரவத்தைத் தெளிக்கும் அமைப்பு மற்றொன்று. இவற்றைக் கண்காணிக்கும் ஸென்ஸார்கள் பல. ஒரு ஸென்ஸார் கெட்டாலும் பெட்டி எஞ்சினின் சக்தியைத் தானே குறைத்துவிடும். எஞ்சின் இரும்பில் எவ்விதக் கோளாறும் இல்லாமலே டிராக்டர் ஊர்ந்து செல்லும் நிலை ஏற்படும்.

நியாயத்தை இரு பக்கமும் பார்க்க வேண்டும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012இல் வகைப்படுத்தியது. புதிய சாதனங்கள் கரியையும் நைட்ரஜன் வாயுக்களையும் பழைய எஞ்சின்களோடு ஒப்பிடப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைத்திருக்கின்றன. டிராக்டர் ஓட்டுபவரும் உழவர் குடும்பத்தவரே. அவருடைய நுரையீரலும் மதிப்புடையது. ஆகவே வடிகட்டியைப் பிடுங்கி எறிவதும், யூரியா அமைப்பைத் துண்டிப்பதும் பழுது பார்ப்பதாகா. அமெரிக்கச் சட்டப்படி அவை குற்றங்கள்.

உழவர்கள் வெறுத்தது வேறொன்றை. கெட்ட ஸென்ஸார் எது என்று அறியவும், சில எலெக்ட்ரானிக் பாகங்களை மாற்றியபின் புதிய பாகத்தைப் பெட்டிக்கு அறிமுகம் செய்யவும் உற்பத்தியாளரின் கணினி நிரல் தேவைப்பட்டது. அதன் முழு வடிவம் விற்பனை முகவர்களிடம் மட்டுமே இருந்தது. பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டவும் தெரிந்து, முகவரின் ஆள் வரும் வரை உழவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. நெசவாளர்கள் இதை ஓர் உவமையால் உணரலாம். தறியில் அச்சையும் விழுதையும் நீங்களே மாற்றிவிட்டீர்கள். ஆயினும் தறி விற்றவர் வந்து ஒரு சொல் சொன்னால்தான் நாடா ஓடும் என்றால், அந்தத் தறி யாருடையது?

சட்டம் சென்ற பாதை

யந்திரத்துக்குள் இருக்கும் நிரலைப் பதிப்புரிமைச் சட்டம் காக்கிறது. அதன் பூட்டைத் திறப்பதே குற்றம் என்ற நிலை இருந்தது. 2015இல் அமெரிக்க அரசு, டிராக்டர் உள்ளிட்ட வண்டிகளின் உரிமையாளர்கள் பழுது பார்ப்பதற்காக அதைத் திறப்பது குற்றமன்று என்று விலக்கு அளித்தது. 2018இல் அவ்விலக்கு உரிமையாளருக்காகப் பழுது பார்க்கும் பிறருக்கும் விரிந்தது. திறக்கலாம் என்று அனுமதித்தார்களே தவிர, சாவியைக் கொடுக்கும்படி யாரையும் அது கட்டாயப்படுத்தவில்லை.

2023 ஜனவரியில் அமெரிக்க உழவர் சங்கங்களின் பெருஞ் சம்மேளனமான பார்ம் பீரோவும் ஜான் டீர் நிறுவனமும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. கையேடுகளையும் கருவிகளையும் நியாயமான விலையில் உழவருக்கும் சுதந்திர மெக்கானிக்குகளுக்கும் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்கு மேற்பட்ட சட்டங்களை ஆதரிப்பதில்லை என்று சம்மேளனம் இசைந்தது. இந்த இசைவைப் பலர் குறை கூறினர். அதே ஆண்டு ஏப்ரலில் கொலராடோ மாநிலம், விவசாய யந்திரங்களின் பாகம், கருவி, நிரல், கையேடு ஆகியவற்றை உரிமையாளருக்குக் கிடைக்கச் செய்யும் சட்டத்தை முதன்முதலாக நிறைவேற்றியது. அது 2024 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. புகைத் தடுப்புச் சட்டத்தைக் காரணம் காட்டிப் பழுது பார்ப்பதைத் தடுக்கக் கூடாது என்பதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஸ்தாபனத்தின் தலைவர் 2023 ஆகஸ்டில் தேசிய உழவர் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் தெளிவுபடுத்தினார்.

2025 ஜனவரியில் மத்திய வாணிபக் கமிஷன், இலினாய், மின்னசோட்டா மாநிலங்களுடன் சேர்ந்து ஜான் டீர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. முழுத் திறனுள்ள நிரலை முகவர்களுக்கு மட்டும் தந்து, பழுது வேலையை அவர்கள் கையில் குவித்தது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. அதே ஆண்டு ஜூலையில் உழவர்களே பழுதறியப் பயன்படுத்தும் புதிய நிரல் ஒன்றை, ஒரு யந்திரத்துக்கு ஆண்டுக்கு 195 டாலர் கட்டணத்தில் வெளியிட்டது. கேட்காமல் கிடைக்காத உரிமை, பலர் கூடிக் கேட்டதால் சிறுகச் சிறுகக் கிடைத்து வருகிறது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

இதற்கிடையே வேறொரு விந்தையும் நிகழ்ந்தது. 1970களிலும் 1980களிலும் செய்த டிராக்டர்களை ஏலத்தில் போட்டியிட்டு வாங்கும் வழக்கம் அமெரிக்க உழவரிடையே ஏற்பட்டது. மின்னசோட்டா மாநிலத்துப் பத்திரிகைகள் 2020இல் இதை எடுத்தெழுதின. கேபினில் புதிய வசதிகள் குறைவு. எண்ணெயும் சற்று அதிகம் பிடிக்கும். ஆயினும் நின்றால் தாமே ஓட்டிவிடலாம் என்ற ஒரே நம்பிக்கை அவற்றின் மதிப்பை உயர்த்தியது. பழுது பார்க்கும் வசதி விலை மதிப்புள்ள சரக்கு என்பதற்கு ஏலக் களமே சாட்சி.

நம் சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டு டிராக்டர்கள் அத்தனை பெரியவை அல்ல. எனினும் இப்பாதை நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்னும் புகை விதி 2023 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அமலுக்கு வந்தது. அதை ஒட்டி அந்த அளவு டிராக்டர்களில் காமன் ரெயில் எஞ்சின்கள் வரலாயின. மத்திய அரசின் நுகர்வோர் விவகார இலாகா 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை குறித்து ஆராயக் கமிட்டி அமைத்தபோது, கவனிக்க வேண்டிய நான்கு துறைகளுள் விவசாயக் கருவிகளையும் சேர்த்தது. அது பற்றிய தகவல்களைத் தரும் இணையதளம் அவ்வாண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. அதே தருணத்தில் பெரிய டிராக்டர்களை வாடகைக்கு விடும் சங்கங்களும் பெருகி வருகின்றன. ஒரு தனி உழவரைக் காட்டிலும் சங்கத்தின் யந்திரம் அதிக மணி நேரம் ஓடுகிறது. பல கைகளில் மாறி மாறி ஓடுகிறது. ஆகவே பழுதும் விரைவில் வரும் என்பதை நிர்வாகக் குழு முன்கூட்டியே எண்ண வேண்டும்.

கொள்முதல் தீர்மானம் நிறைவேற்றும் முன் ஐந்து விஷயங்களை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நலம்.

1. எஞ்சினில் ஈர லைனர் உள்ளதா, உலர் லைனரா, லைனரே இல்லையா? லைனர் இல்லையெனில் குடைந்து தரும் பட்டறை எத்தனை மைலில் உள்ளது?

2. வடிகட்டி, கேஸ்கட், நாஸில், பம்ப் பாகங்கள் ஆகியவை அருகிலுள்ள ஊரில் இருப்பில் உள்ளனவா? எத்தனை ஆண்டு வரை அவற்றை வழங்க விற்பனையாளர் உறுதி கூறுகிறார்?

3. பழுதுக் குறிகளைப் படிக்கும் கருவி சங்கத்துக்குக் கிடைக்குமா? அதன் விலையும் ஆண்டுக் கட்டணமும் என்ன? பாகம் மாற்றியபின் அதைப் பெட்டிக்கு அறிமுகம் செய்ய அக்கருவியால் முடியுமா, முகவர்தான் வர வேண்டுமா?

4. பழுது பார்க்கும் கையேடும் உதிரி பாகப் பட்டியலும் யந்திரத்துடனேயே ஒப்படைக்கப்படுமா?

5. உத்தரவாதக் காலத்திலும் அதன் பின்னரும் எஞ்சினைத் திறக்க யாருக்கு அனுமதி உண்டு? முகவர் எத்தனை நாளுக்குள் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறார்?

இக்கேள்விகளுக்கு விடை தர மறுக்கும் விற்பனையாளர், பழுது வரும் நாளிலும் அவ்வாறே நடந்துகொள்வார் என்று கொள்ளலாம். சற்றுக் கூடுதல் விலையாயினும் விடை தருபவரிடம் வாங்குவது முடிவில் சிக்கனமாகும்.

வாங்கிய பின் ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனி ஏடு ஒன்று வைக்க வேண்டும். ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய நாள், கூலன்ட் மாற்றிய நாள், வடிகட்டி மாற்றிய நாள், பழுது, அதற்கான செலவு, யந்திரம் நின்ற நாட்கள் ஆகியவற்றை அதில் பதிய வேண்டும். காமன் ரெயில் எஞ்சினுக்குச் சுத்தமான டீசலே உயிர் என்பதால், பீப்பாயில் டீசலைச் சேமிப்போர் அடியில் தங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். ஊர் மெக்கானிக் ஒருவரைச் சங்கச் செலவில் பயிற்சிக்கு அனுப்புவதும் தகும்.

இங்கேதான் கூட்டுறவின் பலன் வெளிப்படுகிறது. பழுதறியும் கருவியை ஒரு தனி உழவர் வாங்குவது அவருக்குக் கட்டுபடியாகாது. ஐந்தாறு சங்கங்கள் சேர்ந்து ஒரு கருவியும் ஒரு மெக்கானிக்கும் வைத்துக்கொள்வது கைக்கெட்டும் காரியம். 1930களில் அமெரிக்க மத்திய மேற்குப் பகுதிக் கூட்டுறவாளர்கள் கோ-ஆப் என்னும் பெயரிலேயே டிராக்டர் விற்றனர். அவர்கள் தமக்கெனப் புதிய எஞ்சின் எதையும் வார்க்கவில்லை. கிரைஸ்லர் நிறுவனம் ஏற்கெனவே செய்து வந்த பெட்ரோல் எஞ்சினை வாங்கித் தம் டிராக்டரில் பொருத்தினர். எங்கும் பழகிய எஞ்சினைத் தேர்ந்தெடுத்த அவர்களின் முறை இன்று நாம் கேள்வி கேட்டு வாங்குவதற்கும் முன்மாதிரியாகும்.

டீசல் எஞ்சினின் இரும்பு இன்றும் உழவனுக்கு உண்மையாகவே உழைக்கிறது. லைனரும் பேரிங்கும் மாற்றினால் மீண்டும் இளமை பெறும் அதன் குணம் மாறவில்லை. பாகமும், கருவியும், அறிவும் அங்கத்தினர்களுக்கு எட்டும்படி இருக்கின்றனவா என்பதைப் பார்ப்பதே நிர்வாகக் குழுக்களின் கடமை. அடுத்த கொள்முதல் தீர்மானம் எழுதப்படும் கூட்டத்தில், மூன்றாவது கேள்வியை முதலில் கேட்பார்களாக.